ஜூன் மாத வகுப்பறை

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும், பாடநூலைப் பிரிப்பதற்கு முன்பே ஆசிரியர் நடத்தியாக வேண்டிய பாடம் ஒன்று உண்டு: ஒரே அறையில் முப்பது குழந்தைகள் ஒருவருக்கொருவர் இடையூறின்றி வேலை செய்யும் முறையைப் பழக்குவது. ஆசிரியர் பயிற்சி நூல்கள் வகுப்பறை மேலாண்மை என்று குறிப்பிடும் இக்கலை, அதாவது இடம், நேரம், பொருள், பேச்சு ஆகியவற்றைக் கற்றலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் திறன், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் அமைந்த குருபரப்பள்ளி போன்ற ஊர்களில் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழிகளாக வழங்கும் இந்த எல்லைப் பகுதிக்கு, சிப்காட் தொழிற்பேட்டைகளை நாடி வரும் வடமாநிலக் குடும்பங்கள் தங்கள் மொழிகளையும் கொண்டுவருவதால், ஆசிரியர் இடும் எளிய கட்டளையும் சில குழந்தைகளுக்கு வெறும் ஓசையாகவே கேட்கக்கூடும்.

சொல்லுக்குப் பணியாத குழந்தையைப் பிரம்பால் பணியவைக்கும் பழைய வழியைச் சட்டம் அடைத்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. இதனால் ஆசிரியரின் கைகள் கட்டப்பட்டுவிட்டன என்னும் புலம்பலில் நியாயமில்லை. அமெரிக்க உளவியலர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட ஆய்வு, குறும்பு நிகழ்ந்தபின் கண்டிக்கும் விதத்தைப் பொறுத்து வகுப்புகள் பெரிதும் வேறுபடுவதில்லை என்றும், அறை முழுவதிலும் கண்வைத்து, வேலை தொய்யாமல் நடத்திச்செல்லும் திறனே நல்ல வகுப்பைப் பிரித்துக் காட்டுகிறது என்றும் கண்டது.

அத்திறனைத் தனியொருவரின் சாமர்த்தியமாக விட்டுவிடாமல் வகுப்பின் அமைப்பாகவே ஆக்கிய பெருமுயற்சி தமிழ்நாட்டில் நடந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டு, எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது சென்னையில் 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளிலேயே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவியது. அதில் ஏணிப்படி எனப்படுவது, அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்பதைச் சின்னங்களால் காட்டும் படிவரிசை. அதில் தன் இடத்தைக் கண்டறிந்த குழந்தை, தானே அட்டையை எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் அமரும். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர், சக மாணவரின் துணையோடு படிப்போர், தாமே படிப்போர், மதிப்பீட்டுக்கு உரியோர் என்றவாறு ஆறு குழுக்கள் இருந்தன. வருகையைக் குழந்தைகளே பதிந்தார்கள். கரும்பலகை அவர்களின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. கட்டளைகளின் எண்ணிக்கையைக் குறைத்ததே இவ்வமைப்பின் தலையாய சிறப்பு. சின்னத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதால், பலமொழி வகுப்புக்கும் அது நன்கு பொருந்தக்கூடியது.

சக மாணவரின் உதவி இம்மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவர் இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை எழும்பூர் ஆதரவில்லத்தில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் அதை நூலாக வெளியிட, சென்னையின் பெயராலேயே அது இங்கிலாந்தில் பரவியது. எனினும் சட்டாம்பிள்ளைக்கு அதிகாரமும் இருந்தது; இன்றைய வகுப்பில் உதவி மட்டும் போதும், அதிகாரம் வேண்டாம்.

செயல்வழிக் கற்றலில் குறையும் உண்டு. அட்டையை எடுப்பதும் வைப்பதுமே கற்றலாகச் சுருங்கினால், வகுப்பு சுறுசுறுப்பாகத் தோன்றுமே தவிர, குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருக்காது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கிறது; இப்பிரிவு பயனுடையதே. ஆயினும் தமிழ் பழகாத குழந்தை கணக்கில் தேர்ந்திருந்தும் அரும்பு என்றே அறியப்படுமானால், அது அக்குழந்தைக்கு இழைக்கப்படும் அநீதி.

ஆகவே எல்லைப்புற ஆசிரியர் முதல் இரண்டு வாரங்களில் பாடத்தை விரைந்து முடிக்க முனையாமல், அமர்வது, எழுவது, பொருளை எடுத்து வைப்பது, உதவி கேட்பது ஆகியவற்றைச் செய்துகாட்டிப் பழக்குதல் நலம். இருமொழி அறிந்த மாணவரே எப்போதும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் அவருடைய படிப்பு கெடும் என்பதால், அப்பணியைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும். பெற்றோரின் வேலை மாறுவதால் அக்டோபரில் வந்து சேரும் குழந்தைக்கு அன்றுதான் ஜூன் தொடங்குகிறது. பழக்கங்களை அக்குழந்தைக்கு முதலிலிருந்து கற்பிக்கவும் ஆசிரியர் நேரம் ஒதுக்கியாக வேண்டும்.