கணக்கில் உள்ள வாயுவும் கைக்கு வரும் வாயுவும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2011 சனவரியில், நம் துர்காப்பூரை அடுத்த இச்சாப்பூரில், ஓ.என்.ஜி.சி. துளைத்த கிணற்றில் ஷேல் பாறையிலிருந்து எரிவாயு வெளிவந்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை.

2013-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், இந்திய ஷேலில் 584 டிரில்லியன் கன அடி வாயு இருக்கிறது, 96 எடுக்கக்கூடியது என்றது. ஆறில் ஒரு பங்கு! அதிலும் செலவுக் கணக்கு சேரவில்லை.

ஷேல் என்பது சேறு இறுகிய கல். அதில் மக்கிய உயிர்ப்பொருளின் கரிமம் நூற்றுக்கு இரண்டு பங்காவது வேண்டும். பூமியின் வெப்பத்தில் அது வாயுவாகப் பக்குவப்பட்டிருக்க வேண்டும். களிமண் மிகுந்த பாறை எளிதில் உடையாது. உடையாத பாறை வாயுவை விடாது. ஆகவே கல்லைச் சோதித்து, கிணற்றை ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

போலந்தைப் பாருங்கள். 2011-இல் அதே நிர்வாகம் 187 டிரில்லியன் என்றது. 2012-இல் போலந்தின் சொந்த நிலவியல் கழகம், பழைய கிணறுகளின் விவரங்களைக் கொண்டு, பெரும்பாலும் 12 முதல் 27 வரைதான் என்றது. எக்ஸான் மொபில் அந்த ஆண்டே மூட்டை கட்டியது.

பாறையை உடைக்க, ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகக்கூடும். தாமோதர் நீரை நாமும் குடிக்கிறோம். வந்தேறிகள் என்று ஒதுங்கி நிற்கலாகாது. பெரிய எண்ணுக்குக் கைதட்டுமுன், வங்கத் தோழர்களோடு சேர்ந்து கேட்போம்: எத்தனை கிணறுகளில் சோதித்தீர்கள்? எந்த ஆற்றுத் தண்ணீர்? கழிவுநீர் எங்கே போகும்?