நனைந்த வைக்கோற்போரும் கேப் வெள்ளை ஒயினும்

திராட்சை எப்படி ஒயின் ஆகிறது, சிவப்புக்கும் வெள்ளைக்கும் தோலில்தான் வித்தியாசம் என்பதையெல்லாம் போன உரையில் பேசிவிட்டோம். அதை மறுபடி சொல்லப்போவதில்லை. இன்று நேராகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறோம்.

போவதற்கு முன்னால் ஒரு மனத்தாங்கல். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் யாரிடமாவது ஒயின் ஷாப் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், உடனே கை காட்டுவார்கள். போனால் பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் இருக்கும். ஒயின் கேட்டால்தான் கவுண்டருக்குள் இருப்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கடையின் பெயரில் மட்டும் ஒயினை வைத்திருக்கும் ஊர் நம்முடையது.

அது போகட்டும். பதினொரு வருடம் கப்பலில் ஒயின் ஊற்றினேன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில், ஆலைகளுக்கு வருகிற கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் தங்குகிற ஓட்டல் ஒன்றில் பையன்களுக்குப் பரிமாறக் கற்றுக்கொடுக்கிறேன். அங்கே சாப்பிட வரும் நம்மவர்கள் மெனு அட்டையை விரித்ததும் கேட்பது மூன்றே கேள்வி. ரெட் இருக்கா? பிரெஞ்சா? கார்க் போட்டதா? திருகுமூடி போட்ட பாட்டில் என்றால் சோடா பாட்டிலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எலுமிச்சை பிழிந்த விரால் வறுவல் ஒரு தட்டில் இருக்கும். பக்கத்தில் கனத்த சிவப்பு ஒயின், அதுவும் நம் ஊர் மே மாத அறைச் சூட்டில். குடித்துவிட்டு, என்ன சார், கசக்குதே என்பார்கள். கசக்காமல் என்ன செய்யும்?

அதனால்தான் சொல்கிறேன், தென்னாப்பிரிக்க ஒயின் என்றால் முதலில் வெள்ளையைத் தேடுங்கள். வெள்ளையிலும் ஒன்றே ஒன்று. செனின் பிளாங். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்று நான் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். செனின் பிளாங்.

பினோடாஜைப் பற்றியும் பேச வேண்டாமா என்று கேட்பீர்கள். 1925-இல் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவாரையும் சின்சோவையும் இணைத்து உண்டாக்கிய ரகம் அது, அந்த நாட்டின் சொந்தப் பிள்ளை. நல்லதும் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

செனினுக்கு வருவோம். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் பிறந்த கொடி. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு டச்சுக்காரர்கள் காலத்திலேயே போய்விட்டது. டச்சுக்காரரான வான் ரீபேக் அங்கே முதன்முதலாகத் திராட்சை பிழிந்தது 1659 பிப்ரவரி 2-ஆம் தேதி. நீண்ட காலம் அங்கே செனினுக்கு ஸ்டீன் என்றுதான் பெயர். ஸ்டீனும் செனினும் ஒன்றுதான் என்று அறிஞர்கள் உறுதிசெய்ததே 1960-களில். இன்று உலகத்திலேயே அதிகமாகச் செனின் விளைவது தென்னாப்பிரிக்காவில்தான், பிறந்த ஊரான பிரான்சில் இல்லை.

ஆனால் மதிப்பு இருந்ததா என்றால், இல்லை. நிறையக் காய்க்கும், புளிப்புக் குறையாது, அதனால் பிராந்தி காய்ச்சவும் மலிவு ஒயின் செய்யவும் வண்டி வண்டியாகப் போனது. 1959-இல் லீபர்ஸ்டீன் என்று லேசாக இனிக்கும் ஒரு மலிவு ஒயின் வந்தது. 1964-இல் அது மட்டுமே மூன்று கோடி லிட்டருக்கு மேல் விற்றது. நிறவெறி ஆட்சி முடிந்து ஏற்றுமதிக் கதவு திறந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் சிவப்பு கேட்டார்கள். விவசாயிகள் என்ன செய்தார்கள்? முப்பது, நாற்பது வருடக் கொடிகளை வேரோடு பிடுங்கிப்போட்டுவிட்டுச் சிவப்பு நட்டார்கள். நான் ஃபேஷன் மேல் எரிந்து விழுகிறேன் என்று என் மனைவி சொல்வாள். எரிந்து விழாமல் எப்படி இருப்பது?

பிடுங்கியதுபோக மிச்சம் நின்ற கொடிகளைப் பார்க்க எனக்கு ஒருமுறை வாய்த்தது. கப்பல் கேப்டவுனில் நின்ற இரண்டு நாளில், வடக்கே ஸ்வார்ட்லேண்ட் பக்கம் ஒரு நண்பர் அழைத்துப்போனார். கறுப்பு நிலம் என்று அந்தப் பெயருக்குப் பொருள். கோதுமை வயல்களுக்கு நடுவில் காய்ந்த மண்ணில் முழங்கால் உயரத்துக்கு முண்டும் முடிச்சுமாகக் கட்டைகள் நின்றன. செத்த செடிகளை ஏன் காட்டுகிறார் என்று நினைத்தேன். அதுதான் தோட்டமே. நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைப் பந்தல் போட்டு, தலைக்கு மேலே விரித்து, நீர் பாய்ச்சி வளர்க்கிறோம் அல்லவா? அங்கே பந்தல் இல்லை, கம்பி இல்லை, பல தோட்டங்களில் பாசனமும் இல்லை. குளிர்காலத்தில் பெய்கிற மழையோடு சரி. கோடை முழுக்கக் கொடி தன் வேரை நம்பித்தான் பிழைக்க வேண்டும். வேர் ஆழப் போகும், குலை குறையும், பழம் சிறுக்கும். பழம் சிறுத்தால் சாறு அடர்த்தி. பழைய கொடி, குறைந்த காய்ப்பு, அடர்ந்த சாறு. ரகசியம் இந்த மூன்றுதான்.

ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தால் எந்த விவசாயி வைத்திருப்பான்? அங்கேதான் ரோசா க்ரூகர் என்ற பெண்மணி வருகிறார். வக்கீலாக இருந்தவர், தோட்டக் கலைக்கு மாறினார். ஊர் ஊராகப் போய்ப் பழைய கொடிகள் எங்கே நிற்கின்றன என்று பட்டியல் எடுத்தார். இந்தப் பழத்துக்குக் கூடுதல் விலை கொடுங்கள் என்று ஒயின் செய்பவர்களைத் தோட்டக்காரர்களிடம் கூட்டிவந்து நிறுத்தினார். அதிலிருந்து 2016-இல் பழங்கொடித் திட்டம் என்ற அமைப்பு உருவானது. முப்பத்தைந்து வயது கடந்த கொடியின் ஒயின் என்றால் பாட்டில் கழுத்தில் ஒரு முத்திரை ஒட்டுகிறார்கள், கொடி நட்ட வருடம் அதில் இருக்கும். கடையில் முதலில் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள், பிறகு லேபிளைப் பாருங்கள். ஈபன் சேடி என்பவர் இந்தக் கொடிகளை வைத்தே பெயர் வாங்கியவர். அவருடைய திருமதி கிர்ஸ்டன் என்ற ஒயினுக்கு 1905-இல் நட்ட கொடிகளிலிருந்து பழம் வருகிறது. விலையைக் கேட்காதீர்கள். நான் ஒரே ஒருமுறை, ஒரு விருந்தாளி மிச்சம் வைத்த அரைக் கோப்பை குடித்திருக்கிறேன்.

சரி, செனின் எப்படி இருக்கும்? இதற்கு நான் பதில் சொல்வதைவிட எங்கள் ஓட்டல் பையன் ஒருவன் சொன்னதைச் சொல்கிறேன். செய்யாறு பக்கம், விவசாயக் குடும்பம், ஓட்டலுக்கு வருவதற்கு முன் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. கோப்பையை முகர்ந்து மணம் சொல்லுங்கள் என்று வரிசையாகக் கேட்டேன். மற்றவர்கள் இணையத்தில் படித்ததை ஒப்பித்தார்கள், பீச், பேரிக்காய், ஹனிசக்கிள் என்று. ஹனிசக்கிள் பூவை இந்தத் தாலுகாவில் யார் பார்த்தார்கள்? இவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு தயங்கிக்கொண்டே, “சார், தப்பா நெனைக்காதீங்க, மழையில நனைஞ்ச வைக்கப்போர் மாதிரி இருக்கு. அப்புறம் கொய்யா, ரொம்பப் பழுத்தது” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது நேயர்களே. ஏனென்றால் ஈர வைக்கோல், கொய்யா, தேன் என்று செனினைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பதும் அதுதான். அவன் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. அவன் வீட்டுக் கொல்லையில் வைக்கோற்போர் இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரே விதி: நீங்கள் தின்றதை, முகர்ந்ததை மட்டும் சொல்லுங்கள். கொடுக்காப்புளி, நெல்லிக்காய், சுக்கு, நன்னாரி எதுவானாலும் சரி.

இந்த இடத்தில் எனக்கு நிட்சிகி பியேலா நினைவுக்கு வருவார். குவாசூலு-நடாலின் கிராமத்துப் பெண். வீட்டுவேலை செய்துகொண்டிருந்தவருக்கு 1999-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்க உதவித்தொகை கிடைத்தது. அதுவரை ஒயினை வாயில் வைத்ததில்லை, வகுப்பு நடந்ததோ அவருக்குத் தெரியாத ஆப்பிரிகான்ஸ் மொழியில். 2004-இல் ஒயின் செய்பவராக வேலையில் சேர்ந்தார், அந்த நாட்டின் கறுப்பினப் பெண்களில் முதலாமவர். பிறகு சொந்தமாகத் தொடங்கியபோது வைத்த பெயர் அஸ்லினா. அவருடைய பாட்டியின் பெயர் அது.

பாட்டி என்றதும் இன்னொரு பாட்டி. 1685-இல் கான்ஸ்டன்ஷியா தோட்டத்தைத் தொடங்கிய சைமன் வான் டெர் ஸ்டெல், கேப்பின் டச்சு ஆளுநர். அவருடைய தாய்வழிப் பாட்டி மோனிகா, விடுதலை பெற்ற இந்திய அடிமைப் பெண். அந்தத் தோட்டத்து இனிப்பு ஒயினைத்தான் செயின்ட் ஹெலீனா தீவுச் சிறையில் நெப்போலியன் வரவழைத்துக் குடித்தார். இதையும் கேளுங்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கம்பெனி அடிமைகளை ஏற்றுமதி செய்தது. பழவேற்காட்டுக் கோட்டை அவர்களுடையது. கேப்புக்குக் கொண்டுபோன அடிமைகளில் நம் கரையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அங்கே திராட்சைத் தோட்டங்களை நட்டதும் பிழிந்ததும் அடிமைக் கைகள்தான். 1834-இல் அடிமை முறை ஒழிந்த பிறகும் தோட்டக் கூலியில் ஒரு பகுதியை மலிவு ஒயினாகவே அளந்து ஊற்றினார்கள், டாப் முறை என்று அதற்குப் பெயர். சட்டம் தடுத்தும் பல காலம் ஓடியது. குடியால் சிதைந்த குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. சம்பள நாளன்று மாலை எங்கள் சாலையில் நின்று பார்த்தவனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நான் ஒரு கோப்பையைப் பற்றித்தான் பேசுகிறேன், ஒரு பாட்டிலைப் பற்றி அல்ல.

இனி காரியத்துக்கு வருவோம். இறக்குமதி வரி 150 சதவீதம், ஆகவே மலிவாகக் கிடைக்கும் என்று ஆசை காட்டமாட்டேன். கைக்கு எட்டவில்லையா, நாசிக் செனினில் தொடங்குங்கள். சூலா நிறுவனம் 2000-த்தில் முதல் ஒயின்களைக் கொண்டுவந்ததிலிருந்து அந்தக் கொடி நம் நாட்டிலும் வேர் பிடித்துவிட்டது. வாங்கினால் வெயிலில் வைக்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஓட்டலில், ஏசி இல்லாத ஸ்டோர் அறையில் கோடை முழுக்கக் கிடந்த பன்னிரண்டு பாட்டிலும் வெந்து போயின. ஊற்றினால் கஷாயம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊற்றுங்கள். அதிகம் குளிர்ந்தால் வைக்கோல் மணம் எழாது.

எதோடு சாப்பிடுவது? புளிப்புக்குப் புளிப்பு. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், புளிப்புக்குப் புளிப்பு. புளிக் கரைசலும் தக்காளியும் எலுமிச்சையும் இல்லாமல் நமக்குச் சமையலே கிடையாது. புளிப்புக் குறைந்த ஒயின் நம் குழம்புக்கு முன்னால் தட்டையாகப் படுத்துவிடும், செனின் படுக்காது. எங்கள் ஏரியில் பிடித்த ஜிலேபி மீனை, மிளகாய்த்தூள் சற்றுக் குறைத்து வறுத்து, வெங்காயத்தோடு வைத்துப் பாருங்கள். காரம் தூக்கலாக இருந்தால் லேசாக இனிக்கும் செனினைத் தேடுங்கள்.

முடிக்கும் முன் அந்தச் செய்யாற்றுப் பையனைப் பற்றி இன்னும் கொஞ்சம். போன மாதம் கப்பல் நண்பர் ஒருவர் ஹானிபூட் இனிப்பு ஒயின் ஒரு சிறு பாட்டில் கொடுத்தார். ஹானிபூட் என்பது மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா ரகத்துக்குக் கேப்காரர்கள் வைத்த பெயர். நம் கம்பம் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். மரபணுச் சோதனைப்படி ஹாம்பர்க்குக்குத் தகப்பன் இந்த அலெக்சாண்ட்ரியாதான். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு மடக்கு கொடுத்தேன். மாலையில் பையன் பிள்ளைப்பாக்கம் கூட்டுச்சாலையில் தள்ளுவண்டிக்காரரிடம் அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, விதையை உள்ளங்கையில் துப்பினான்.

“அப்பன் வாசனை அப்படியே இருக்கு சார்” என்றான்.