மும்பையின் ஒளியும் நம் திரையும்

மழையைக் காமிராவில் பிடிப்பது எளிதன்று. முன்புறமிருந்து விளக்கொளியைப் பாய்ச்சினால் தாரை கண்ணுக்கே தெரியாது. துளிகளுக்குப் பின்னாலிருந்து ஒளி வரவேண்டும். அப்போதுதான் அவை வெள்ளி இழைகளாய்ப் படத்தில் பதியும். செம்பூரில் ராஜ் கபூர் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோவில் இவ்வித்தையில் கை தேர்ந்தவராக விளங்கியவர் ஒளிப்பதிவாளர் ராது கர்மாகர். 1955-இல் வெளிவந்த 'ஸ்ரீ 420' படத்தில் ஒரே குடையின்கீழ் இருவர் நடந்து செல்லும் மழை, வானம் பொழிந்த மழையன்று. குழாய் பொழிந்த மழை. ஆயினும், மும்பை மழை என்றால் அதுதான் என்று நாடு முழுவதும் நம்பிற்று. அந்த ஸ்டூடியோவின் பெருங்கூடம் 2017-இல் தீக்கிரையாயிற்று. பின்னர் நிலமும் கைமாறியது.

அண்மைக் காலத்து ஒளிப்பதிவுச் சாதனைகளைப் பற்றிப் பேச வந்த நாம், இப்பழங்கதையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மும்பையை அதன் சொந்த ஒளியிலேயே காட்டுவது நெடுங்காலம் நம் திரைக்குக் கைகூடாத காரியமாக இருந்தது. அந்நாளைய பிலிம் சுருளுக்கு ஏராளமான ஒளி வேண்டும். தெருவிளக்கும் வீட்டு விளக்கும் அதற்குப் போதா. மைசூரில் பிறந்த வி.கே. மூர்த்தி, 1959-இல் வந்த 'காகஸ் கே பூல்' படத்துக்காகச் சூரிய ஒளியையே பெருங்கண்ணாடிகளில் ஏந்தி உள்ளே திருப்பி, இருண்ட கூடத்தின் நடுவே ஒரு தூணைப்போல நிறுத்திக் காட்டினார். அதற்கு ஈடான காட்சி இன்றுவரை அரிது என்பது நம் கருத்து. எனினும் அதுவும் ஸ்டூடியோவுக்குள் அழைத்து வரப்பட்ட சூரியன்தானே!

நம்மவர் நெஞ்சில் தாராவியைப் பதித்த படம், 1987-இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'நாயகன்'. மாடுங்கா அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகனின் முகத்தில் பாதியை இருளுக்கே விட்டுவிடும் துணிவு, அன்று பி.சி. ஸ்ரீராமுக்கு இருந்தது. அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் அப்படத்தின் தாராவி, பெரும்பாலும் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னை ஸ்டூடியோவில் எழுப்பிய தாராவி. அவருக்கும் அதே ஆண்டுக்கான தேசிய விருது கிட்டியது என்றால், அச்சந்துகள் எவ்வளவு மெய்யாகத் தோன்றியிருக்க வேண்டும்! 2018-இல் 'காலா' வந்தபோதும் தாராவி சென்னையிலேயே மீண்டும் எழுந்தது. கறுப்பும் சிவப்பும் நீலமுமாகப் பொடி பறக்கும் அதன் இறுதிக் காட்சியில் ஜி. முரளியின் காமிரா, வண்ணத்தையே அரசியல் பேச வைத்தது.

இடையே, 2008-இல் வெளிவந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தை எடுக்க வந்த ஆண்டனி டாட் மேண்டல் மெய்யான சந்துகளுக்குள்ளேயே நுழைந்தார். பெரிய காமிரா அங்கே நுழையாது. ஆகவே கையடக்கமான டிஜிட்டல் காமிராவைக் கையில் ஏந்தி, பதிவுக் கருவியை முதுகுப் பையில் சுமந்துகொண்டு படமெடுத்தனர். ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் 2009-இல் அதற்குக் கிடைத்தது. வியப்புக்குரிய வேலைதான், ஆயினும் ஓடும் பிள்ளைகளின் பின்னே ஓடிய அந்தக் காமிரா, ஒரு வீட்டு அடுப்பங்கரையில் சற்றே உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது நம் குறை.

உட்கார்ந்து பார்த்த படம் ஒன்று 2024-இல் வந்தது. பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்', கான் விழாவில் கிராண்ட் பிரீ என்னும் பரிசைப் பெற்றது. ஒளிப்பதிவு ரணபீர் தாஸ். மும்பையில் பணிபுரியும் இரு மலையாளச் செவிலியரும், மருத்துவமனைச் சமையற்கட்டில் வேலை செய்யும் பார்வதி என்ற மராட்டியப் பெண்ணும் இதன் மாந்தர். பிழைக்க வந்தோரின் குரல்கள் பல மொழிகளில் ஒலிக்க, காமிரா இரவுச் சந்தையையும் ரயிலையும் கடந்து செல்கிறது. பேசுபவர் யாரென்று காட்டுவதில்லை. ஊரை விட்டு வந்த நம் போன்றோர், அக்குரல்களில் நம்முடையதும் கலந்திருக்கிறதோ என்று காது கொடுத்துக் கேட்போம்.

படத்தின் முற்பகுதி முழுவதும் நீலம் படர்ந்திருக்கிறது. பருவமழைக்கு முன் மும்பையின் கூரைகள் நீலத் தார்ப்பாய் போர்த்துக்கொள்வதைக் கண்டவர்க்கு, அந்நீலம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டுவதில்லை. அறையின் குழல் விளக்கும், ரயில் பெட்டியின் வெளிறிய ஒளியும், எதிர்க் கட்டடத்துச் சன்னல்களும் முகங்களில் விழுகின்றன. செம்பூர் ஸ்டூடியோவில் குழாயிலிருந்து பெய்விக்க வேண்டியிருந்த மழை, இங்கே சன்னலுக்கு வெளியே தானாகப் பெய்வதுபோல் இருக்கிறது. குறைந்த ஒளியையும் வாங்கிக்கொள்ளும் இன்றைய டிஜிட்டல் காமிராவுக்கு இதில் பங்குண்டு. ஆனால் எங்கே நின்று எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை அன்றோ? கதை ரத்னகிரிக் கடற்கரைக்குப் பெயர்ந்ததும் வெயில் வருகிறது. அப்போதுதான் அதுவரை நாம் சூரியனையே காணாதிருந்தோம் என்பது உறைக்கிறது.

பார்வதி ஏன் ரத்னகிரிக்குப் போகிறாள்? மும்பையில் பல்லாண்டு வாழ்ந்த வீடு தன்னுடையது என்று காட்ட அவளிடம் காகிதம் இல்லை. கட்டடம் எழுப்புவோர் காலி செய்யச் சொல்கின்றனர். புறப்படுமுன், இரவில் அவர்களுடைய விளம்பரப் பலகைமேல் அவள் கல்லெறியும் காட்சியைத் தாராவிவாசிகள் பார்த்தால் என்ன நினைப்பரோ! தாராவி மறுகட்டமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022-இல் முடிவாயிற்று. யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு வேறிடம் என்பதைக் காகிதங்களே நிர்ணயிக்கின்றன. சந்துகள் மறைந்தபின், பாட்டனார் வாழ்ந்த இடத்தைத் தமிழ்த் திரையில் தேடும் பேரப்பிள்ளைகளுக்குச் சென்னையில் பலகையும் சாயமும் கொண்டு அமைத்த சந்துதான் அகப்படும்.

தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு தமிழ்க் குடும்பத்தை, அவர்கள் வீட்டு விளக்கின் வெளிச்சத்திலேயே, அவசரமின்றிக் காட்டும் தமிழ்ப் படம் ஒன்றை நாம் இன்னும் பார்க்கவில்லை. மாடத்து விளக்கு, கதவிடுக்கில் சாயும் மாலை வெயில், ஈரத் தரையில் மின்னும் கடைவிளக்கு என்று அதற்கு வேண்டிய ஒளியெல்லாம் அங்கேயே இருக்கிறது. இடம் இருக்கும்போதே யாரேனும் ஓர் இளைஞர் சிறு காமிராவோடு போய் எடுத்தால் நலம்.