விடைத்தாள் யாருக்கு உரியது?
பணியிடத் தொழில்நுட்பமும் ஊழியர் மனநலமும்

இவ்வறக்கட்டளைப் பொழிவின் பொருள் தொழிலாளர் நலம் சார்ந்ததாக இருத்தல் வேண்டும் என்னும் விதிக்கு உட்பட்டு, ஊழியரின் மனநலத்துக்குத் தொழில்நுட்பம் உதவுமா என்று துறையினரிடையே நெடுநாளாகத் தீராமல் கிடக்கும் வழக்கு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. வழக்கு

அவையோரில் பெரும்பாலோர் இவ்வழக்கை முன்பே அறிவர் ஆதலின் சுருக்கம் போதும். ஊழியரின் மனநலத்துக்குத் தொழில்நுட்பம் உதவும் என்போர் பெரிதும் கருதுவது கைப்பேசிச் செயலியையே. தளர்ச்சி தரும் எண்ணங்களை இனங்கண்டு மாற்றப் பழக்கும் முறைக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். அதன் பயிற்சிகளை உரையாடலாக வழங்கும் செயலியை நிறுவனம் வாங்கித் தந்தால், மனநல மருத்துவரிடம் செல்லக் கூசும் ஊழியரும் பிறர் அறியாமல் துணை பெறுவர் என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் வெறுமையானதன்று. 'வோபாட்' என்னும் உரையாடு செயலியை 70 இளைஞர்களிடம் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு பற்றிய மின்னூலை மட்டும் பெற்றவர்களைவிடச் செயலியைப் பெற்றவர்களிடம் இரு வாரங்களில் சோர்வின் அளவு குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் பல்கலைக்கழகச் சூழலில் திரட்டப்பட்டவர்கள். வேலைப்பளுவோ மேலாளரோ அச்சோதனையின் பொருளாகவில்லை.

பணியிடத்தையே களமாகக் கொண்ட ஆய்வு வேறு விடை தருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனின் 233 நிறுவனங்களில் பணிபுரியும் 46,336 பேரின் விடைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கட்டுரையில், நலச் செயலி, மீள்திறன் பயிற்சி முதலியவற்றில் பங்கேற்றவர் பங்கேற்காதவரைவிட நலம் மிக்கவராகக் காணப்படவில்லை என்றும், தொண்டுப் பணிக்கு வாய்ப்பளித்தது மட்டுமே விலக்கு என்றும் எழுதினார். ஒரே காலத்தில் எடுத்த கணக்கு காரண காரியத்தை நிறுவாது எனச் செயலியை ஆதரிப்போர் மறுக்கின்றனர். மறுப்பு சரியே, ஆயினும் பயனுண்டு என நிறுவும் கடன் பொருளை விற்பவர்க்கு உரியதேயன்றி ஐயுறுபவர்க்கு உரியதன்று.

இவ்வுரையின் கட்சி வருமாறு: ஒரு கருவி ஊழியரின் மனநலத்துக்குத் துணையா என்பதை, அது மனத்தை எத்துணை நுட்பமாக அளக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. அளந்து பெற்ற விடை யார் கைக்குச் செல்கிறது, அவ்விடையால் மாற வேண்டியவர் ஊழியரா அல்லது மாற வேண்டியது வேலையா என்னும் இரு வினாக்களே முடிவு செய்பவை. வேலையைத் தொடாமல் ஊழியரை மட்டும் பழக்குவது, கூரை ஒழுகும் வீட்டில் ஆளுக்கொரு குடை வழங்குவதை ஒக்கும்.

2. ஜப்பானின் அழுத்தச் சோதனை

இதற்குத் தக்க சான்று ஜப்பானின் அழுத்தச் சோதனைத் திட்டமாதலின், அது விரிவாகவே நோக்கத்தக்கது. மிகை உழைப்பால் நேரும் சாவைக் 'கரோஷி' எனப் பெயரிட்டு வழங்கும் நாடு அது. அளவிறந்த வேலையின் விளைவாக 1991இல் தற்கொலை செய்துகொண்ட விளம்பர நிறுவன இளைஞர் ஒருவர் பற்றிய வழக்கில், மிகைப்பளுவால் ஊழியரின் உடலும் மனமும் கெடாமல் காப்பது முதலாளியின் கடமை என உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. அதன்பின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் ஆண்டுக்கொரு முறை அழுத்தச் சோதனை நடத்துவது 2015 டிசம்பர் முதல் கட்டாயமாயிற்று. நடத்துவது முதலாளிக்குக் கட்டாயம். பங்கேற்பது ஊழியரின் விருப்பம்.

சோதனைக்குப் பரிந்துரைக்கப்படும் வினாநிரல் 57 வினாக்களைக் கொண்டது: வேலையின் தன்மை பற்றி 17, உடலும் மனமும் காட்டும் குறிகள் பற்றி 29, மேலாளர், உடன்பணியாளர், குடும்பத்தார் தரும் துணை பற்றி 9, மனநிறைவு பற்றி 2. இவ்வினாக்களைக் கணினியில் கேட்டு, மதிப்பிட்டு, பிரிவுவாரியாகத் தொகுக்கும் மென்பொருளை அந்நாட்டு நலத்துறை அமைச்சகமே இலவசமாக வழங்குகிறது. மென்பொருளாக நோக்கின் அது எளிமையானது. முகத்தைப் படிப்பதில்லை, குரலை எடைபோடுவதில்லை, உரையாடுவதுமில்லை. அதன் சிறப்பு முழுவதும், விடை செல்லும் வழியைச் சட்டம் வகுத்த முறையில் உள்ளது.

தனியொருவரின் முடிவு, சோதனையை நடத்தும் மருத்துவர், பொதுநலச் செவிலியர் முதலியோரிடமிருந்து நேரே அவர் கைக்குச் செல்லும். அவர் இசைவின்றி முதலாளி அதைக் காண இயலாது. அவ்விசைவையும் முடிவு அவருக்குத் தெரிவிக்கப்பட்ட பின்னரே பெறவேண்டும் என்பதால், சேரும் நாளிலேயே படிவத்தில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளும் தந்திரம் அங்குச் செல்லாது. பணிநீக்கம், பதவி உயர்வு முதலியவற்றில் அதிகாரம் உடையவர் சோதனையை நடத்தவும் கூடாது. மிகை அழுத்தம் உடையவர் என்று கண்டறியப்பட்டவர் கேட்டால் மருத்துவர் நேர்காணலுக்கு ஏற்பாடு செய்வதும், மருத்துவரின் கருத்தைக் கேட்டு வேலைநேரத்தைக் குறைத்தல், இரவுப்பணியைக் குறைத்தல், இடம் மாற்றுதல் போன்றவற்றுள் தக்கதைச் செய்வதும் முதலாளியின் கடமை. கேட்டதற்காக அவரை ஒறுத்தல் தடைசெய்யப்பட்டது.

விடைகளைப் பிரிவுவாரியாகத் தொகுக்கும் இரண்டாம் வழி இதனினும் முதன்மையானது. வேலையின் நெருக்கடி மிகுந்தும், அதைச் செய்யும் விதத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் உள்ள இடத்தில் மன இறுக்கம் மிகும் என்பது ராபர்ட் கராசெக் 1979இல் வகுத்த கொள்கை. அவ்வடிப்படையில் வரையப்படும் கணிப்புப்படத்தில் நாட்டின் சராசரி 100 எனக் கொள்ளப்படும். ஒரு பிரிவு 120 பெற்றால், அங்கு வேலையால் உடல்நலம் கெடும் வாய்ப்பு சராசரியைவிட 20 விழுக்காடு மிகுதி எனப் பொருள். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவாயின், ஆள் யார் என்பது வெளிப்பட்டுவிடும் என்பதால், அனைவரும் இசைந்தாலன்றித் தொகுப்பு தரப்படுவதில்லை. இங்கு நோயாளி என ஒருவரும் சுட்டப்படுவதில்லை, சுட்டப்படுவது வேலை. இவ்வேறுபாடு செயலியைப் போற்றுவோர் கருதத்தக்கது.

திட்டம் குறையற்றதோ எனின், அன்று. நேர்காணல் கேட்பதே தம் நிலையை முதலாளிக்கு வெளிப்படுத்துவதாக முடிவதால் மிகச் சிலரே கேட்கின்றனர். பிரிவுவாரித் தொகுப்பு இன்றும் முயற்சிக் கடமையே, கட்டாயமன்று. சிறு நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்ள 2025இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் இக்குறைகள் யாவும் விடை தவறான கைக்குச் செல்லும் இடத்திலோ, வேலையைத் திருத்தும் கடமை தளர்ந்த இடத்திலோ எழுகின்றன என்பது இவ்வுரையின் கட்சியை வலுப்படுத்துவதேயன்றி மறுப்பதன்று.

3. பிற சான்றுகள்

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், ஊழியர் மன்றத்தோடு செய்த உடன்பாட்டின்படி, பணிநேரம் முடிந்த அரைமணியில் ஊழியரின் பிளாக்பெர்ரி கருவிக்கு மின்னஞ்சல் செல்வதைத் தன் கணினியிலேயே நிறுத்தி, மறுநாள் பணி தொடங்க அரைமணி முன்பு திறக்கும் ஏற்பாட்டை 2011இல் அறிவித்தது. சுமார் 1,150 பேருக்கு அது பொருந்தியது. அங்கு மனத்தைப் பற்றி ஒரு வினாவும் கேட்கப்படவில்லை, மாற்றப்பட்டது வேலையே. விடுப்பில் வரும் மின்னஞ்சலை அழித்து, அனுப்பியவருக்கு மாற்று ஆளைக் காட்டும் வசதியை டைம்லர் நிறுவனம் அளித்ததும் அவ்வகையே. விடை யார் கைக்குச் செல்லும் என்பது பற்றிய சான்றும் உண்டு: பணியிடத்தில் உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவமும் பாதுகாப்பும் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்துள்ளது.

4. இந்திய நிலை

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, 14416 என்னும் எண்ணில், முதலாளிக்குத் தொடர்பின்றி இயங்குவதால், விடை யார் கைக்குச் செல்கிறது என்னும் முதல் வினாவுக்கு நல்ல விடையாகிறது. வேலையைத் திருத்துவது அதன் எல்லைக்குள் இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலைவாய்ப்பின் பொருட்டும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதன் பொருட்டும் தரவைக் கையாள்வதை, இசைவு வேண்டாத பயன்களுள் ஒன்றாக வைத்துள்ளது. செயலியில் ஊழியர் பதியும் மனநிலைக் குறிப்பு இவ்விதியின்கீழ் வருமா என்பதைச் சட்டத் துறையினர் ஆராய்தல் நன்று.

5. மேலாய்வுக்கு

நேரம் கருதிச் சில குறிப்புகள் மட்டும். இரவுப்பணி மிகுந்த தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் பணிமுறைப் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருள், இரு பணிகளுக்கு இடையே எத்துணை ஓய்வு விடுகிறது என்பதை ஆராயலாம். ஜப்பானிய வினாநிரலைத் தமிழ்ச் சூழலுக்கேற்பச் செப்பம் செய்து சோதிக்கலாம். உணவு கொண்டுசேர்க்கும் செயலித் தொழிலாளர்க்கு முதலாளி யார் என்பதே தெளிவில்லாதபோது விடையை யாரிடம் சேர்ப்பது என்பது தனி ஆய்வுக்கு உரியது. முதலாவதை முனைவர் பட்ட மாணவர் ஒருவரே செய்து முடிக்கலாம். ஊழியர்கள் தத்தம் பட்டியலைத் தர முன்வந்தால், நிறுவனங்களின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.