சிறார் வகுப்பில் தொழின்முயற்சி
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளஞ்சிறார்க்குத் தொழின்முயற்சியை வகுப்பறையிலேயே பயிற்றுதல் கூடுமோ, கூடுமாயின் அஃது எவ்வாறு நிகழ்தல் வேண்டும் என்பது பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். இப்பொருள் நமக்கு முற்றும் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் எண்சுவடியை நெட்டுருச் செய்தனர். 320-இல் ஒரு பங்காகிய முந்திரியும், 80-இல் ஒரு பங்காகிய காணியும், 16-இல் ஒரு பங்காகிய மாகாணியும் அவர்தம் நாவில் நின்றன. நெல்லளத்தற்கும் நிலமளத்தற்கும் அக்கணக்கு உதவிற்று. ஆயினும், ஒரு பொருளைத் தாமே செய்து, விலை குறித்து, விற்றுப் பார்த்து அறியும் வாய்ப்பு அவ்வகுப்பில் இல்லை.

செய்து கற்றல் என்னும் நெறியை அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1896-இல் சிகாகோ நகரில் தாம் தொடங்கிய பள்ளியில் நடத்திக் காட்டினார். அங்குப் பிள்ளைகள் பருத்தியினின்று கொட்டையைக் கையால் நீக்கிப் பார்த்தனர்; அவ்வேலையின் அருமையைக் கண்டு, தம் முன்னோர் பருத்தியாடையினும் கம்பளியாடையே மிக உடுத்ததன் காரணத்தைத் தாமே உணர்ந்தனர். நம் நாட்டில் 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழில் வழியாகக் கல்வி புகட்டும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தார். அதனை ஆராய்ந்த குழுவின் தலைவராகிய ஜாகிர் உசேன், பொருள் வருவாயையே பெரிதாக எண்ணிக் கல்விப் பயனைக் கைவிடுதல் கூடாது என்று அன்றே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை இன்றும் நமக்கு வேண்டுவதே.

பிறிதோர் எச்சரிக்கையும் உண்டு. 1953-இல் சென்னை மாநிலத்தில் இராசாசி அவர்கள், பிள்ளைகள் ஒருவேளை பள்ளியிலும் மற்றவேளை வீட்டுத் தொழிலிலும் பயில்க என்று ஒரு திட்டம் கொணர்ந்தார். அது குலக்கல்வி எனப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. ஒரு சாதியாரின் சங்கத்தில் நின்று தொழிற்கல்வி பேசுவோன் இதனை மறத்தல் ஆகாது. தந்தையின் தொழிலை மகன்மேற் சுமத்துவது யான் கூறும் கல்வியன்று. வணிகர் வீட்டுப் பிள்ளை தறியின் அருமையை அறிதல் வேண்டும்; நெசவாளர் வீட்டுப் பிள்ளை முதலும் வட்டியும் அறிதல் வேண்டும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரு பலகையில் அமர்ந்து செய்வதே உண்மைப் பயிற்சி.

எம் பள்ளி ஐந்தாம் வகுப்பில் நிகழ்ந்தது ஒன்றைச் சொல்வேன். பிள்ளைகள் பதின்மர், பள்ளி நிதியிலிருந்து 240 ரூபாய் கடன் பெற்று, 60 குவளை எலுமிச்சைச் சாறு செய்தனர். அடக்கவிலை குவளைக்கு 4 ரூபாய். விற்பனைவிலை 5 ரூபாய். மாலையில் 48 குவளையே விற்றன. வந்த பணம் 240; போட்ட முதலும் 240. எஞ்சிய 12 குவளை வீணாயிற்று. காரணம் யாதென ஆராய்ந்தனர். சிறு வகுப்பினர் முன்னரே வீடு திரும்பினர் என்பதைக் கண்டனர். மறுவாரம் வகுப்புதோறும் சென்று, வேண்டுவோர் எத்துணையர் எனக் கேட்டு எழுதினர். 180 ரூபாய் செலவில் 45 குவளை செய்தனர், அனைத்தும் விற்றன. கடன் தீர்த்தபின் கையில் 45 ரூபாய் நின்றது.

வகுப்பு மகிழ்ந்திருக்கையில், பூக்கட்டி விற்கும் தாயின் மகளாகிய ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, சாறு பிழிந்த எங்கள் கைகளுக்குக் கூலி எந்த வரியில் எழுதினோம்?” என்று வினவினாள். கணக்கிட்டோம். பதின்மர் இவ்விரண்டு மணி உழைத்தது 20 மணி; மணிக்கு 2 ரூபாய் 25 காசு. அச்சிறுமி சிறிது நேரம் வாளாவிருந்து, “எங்கள் அம்மாவின் பூவுக்கும் இப்படியே எழுதிப் பார்க்கிறேன்” என்றாள். பெரியீர்! நம் கடைகளிற் பலவற்றில் இல்லத்தரசியர் உழைப்புக் கணக்கேட்டில் ஏறுவதேயில்லை. பத்து வயதுச் சிறுமி கண்ட அவ்வரியை நாமும் காணல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன சொல்வேன். முதல் சிறிதாக இருத்தல் வேண்டும். அது கடனாகவே தரப்படல் வேண்டும். கணக்கைப் பிள்ளைகளே எழுதுக. பெற்றோர் அன்பு மிகுதியால் எஞ்சியதை முழுதும் வாங்கி நட்டத்தை மறைத்தல் ஆகாது. வந்த ஊதியத்தை என் செய்வது என்பதை வகுப்பே கூடி முடிவுசெய்க. அளவிலும் விலையிலும் பொய்யாமை முதற்பாடமாகுக.

இதனைச் சாக்காகக் கொண்டு பிள்ளையைக் கடையில் நிறுத்தி வேலை வாங்குதல் தகாது. 14 வயதிற்குட்பட்டோரை வேலைக்கமர்த்துதலை 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கின்றது. பள்ளி நேரம் கழிந்தபின் குடும்பத்தார்க்கு இடரற்ற வேலையில் உதவுதலை அது பொறுக்கின்றது. கல்வியின்பொருட்டு உழைப்பதும், பிறர் ஊதியத்தின்பொருட்டுப் பிள்ளை உழைப்பதும் தம்முள் வேறு என்பதை நாம் தெளிதல் வேண்டும்.

சங்கத்தார் பெரும்பொருள் திரட்ட வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள ஒரு தொடக்கப்பள்ளிக்குச் சில நூறு ரூபாய் சுழல்முதலாகத் தருக. அங்குப் பயிலும் எல்லாப் பிள்ளைகட்கும் பொதுவாகத் தருக. ஆண்டிறுதியில் அப்பிள்ளைகள் எழுதிய கணக்கேட்டை இம்மன்றத்தில் வைத்துப் படிக்கச் செய்க. அதுவே நாம் பெறும் வட்டி.