எழுபதாவது ஆள்

அவைத் தலைவர் அவர்களே, பழையனூரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, அரக்கோணம் வண்டிக்கு நேரமாகிவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்க்கும் தம்பிகளே!

"ஐரோப்பாவில் சண்டை. அங்கே ஜனநாயக நாடுகள் கை கோக்கின்றன. அதற்குத் திருவாலங்காட்டில் எதற்கய்யா கூட்டம்?" என்று ஒருவர் கேட்டாராம். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு அவருக்கும் கூட்டம் சேர்ந்துவிடும். அவர் வீட்டு வடைச்சட்டியில் கொதிக்கும் எண்ணெய் எந்த ஊர் எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாருங்கள். போருக்கு முன்னால் நாம் வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் முக்கால்வாசி உக்ரைன் சரக்கு. 2022 பிப்ரவரி 24 அன்று அங்கே குண்டு விழுந்தது. இங்கே மளிகைக் கடையில் விலை ஏறியது.

எண்ணெயை விடுங்கள். ஒருவனுக்குப் பிணை நிற்பது என்றால் என்ன என்று உலகத்துக்குச் சொல்ல இந்த மண்ணைவிட்டால் வேறு எந்த மண்ணுக்கு அருகதை?

கதை உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். வணிகன் ஒருவன் நம் பழையனூருக்கு வருகிறான். பின்னாலேயே, பெண் உருவில் நீலிப் பேய், இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளையா அது? கள்ளிக் கட்டை! "என் புருஷன் என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்" என்று அழுகிறாள். "ஐயா, இவள் பேய், கொன்றுவிடுவாள்" என்கிறான் அவன். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் கூடினார்கள். "கையில் இருக்கிற கத்தியைக் கொடுத்துவிட்டு அவளோடு போய்த் தங்கு. உனக்கு ஒன்று என்றால் எங்கள் எழுபது உயிரும் ஈடு." கொடுத்தான். விடிந்தால் பிணம். பெரியவர்கள் என்ன செய்தார்கள்? "ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறோம்" என்று அறிக்கை விட்டார்களா? தீ வளர்த்து இறங்கினார்கள்!

கை தட்டுங்கள், ஆனால் அந்தக் கத்தியை மறந்துவிடாதீர்கள். 1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட் நகரம். உக்ரைன் மண்ணில் அணுகுண்டுகள் இருந்தன. 1,700 என்கிறார்கள், 1,900 என்கிறார்கள். உலகத்திலேயே மூன்றாவது பெரிய குவியல். "அதைக் கொடுத்துவிடு. உன் எல்லையை மதிப்போம், உன்மேல் ஆயுதம் தூக்க மாட்டோம்" என்று அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் கையெழுத்துப் போட்டன. கொடுத்தது. 2014-ல் கிரீமியா போயிற்று. 2022-ல் தலைநகரை நோக்கியே டாங்கி வந்தது. அனுப்பியது யார்? கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருவரான ரஷ்யா! நம் கதையில் நீலி பஞ்சாயத்தில் உட்காரவில்லை ஐயா, அங்கே பஞ்சாயத்துக்குள்ளேயே நீலி!

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆயுதம் கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள். அணி சேராமல் இருந்த பின்லாந்து 2023-லும், ஸ்வீடன் 2024-லும் நேட்டோவில் சேர்ந்தன. ஆனால் நாள் ஆக ஆக, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்ற முணுமுணுப்பும் கேட்கிறது. அப்போதெல்லாம் எனக்கு நம் கதையில் வரும் ஏர்க்காரன் ஞாபகம்தான் வரும்.

அறுபத்தொன்பது பேர் தீயில் இறங்கிவிட்டார்கள். எழுபதாவது ஆள் வயலில் உழுதுகொண்டிருந்தான். சேதி வந்தது. யார் பார்த்தார்கள்? மாட்டை ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருக்கலாம். கொழு முனையிலேயே விழுந்து உயிரை விட்டான் என்பார்கள். அவன் பேர் என்ன? ஊருக்கே தெரியாது! கூட்டணியின் யோக்கியதை முதல் ஆளிடம் இல்லை. முதல் ஆளுக்கு மாலை உண்டு, படம் உண்டு. எழுபதாவது ஆள் நிற்கிறானா என்று பாருங்கள்.

நம் பிள்ளைகள் உக்ரைனில் மருத்துவம் படித்தார்கள். போர் வெடித்ததும் பனியில் நடந்து ருமேனியா, போலந்து எல்லைக்கு வந்தபோது ரொட்டியும் கம்பளியும் கொடுத்தவர்களுக்குப் பேர் உண்டா? அவர்களும் எழுபதாவது ஆட்கள்தான். பிணைக் கடிதம் எழுதிய அதே புடாபெஸ்டிலிருந்தும் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விமானம் வந்தது!

அதே நாட்களில், மார்ச் 2 அன்று, ஐ.நா. சபையில் வாக்கெடுப்பு. 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன, 5 எதிர்த்தன, 35 ஒதுங்கின. ஒதுங்கியதில் நாமும் ஒருவர். அதை ராஜதந்திரம் என்று புகழ்ந்த வாய் ஒன்று, போன வாரம் இதே ஊரில் வேறொரு மேடையில் உக்ரைனுக்காக அழுததாம். நீலி நடமாடிய ஊருக்கே வந்து நீலிக் கண்ணீரா?

தலைவர் மணியடிக்கிறார். அடிக்கட்டும். எல்லைத் தகராறு எங்களுக்குப் புதிதா? ஆந்திராவோடு எல்லை கேட்டு ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் விநாயகமும் போராடிய மண் இது. சிறையிலேயே உயிரை விட்டவர்களும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மோடு சேர்ந்தது. டாங்கியா வந்தது? நடுவராகப் படாஸ்கர் உட்கார்ந்து கோடு போட்டார். திருப்பதி போனதில் வயிறு எரிந்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டோம். இன்று எல்லைக்கு அந்தப் பக்கம் நகரிக்குப் பெண் கொடுக்கிறோம், புத்தூரில் பெண் எடுக்கிறோம்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குச் சோறு இறங்காது. 2009 மே. முள்ளிவாய்க்காலில் நம் சனம் செத்தபோது எந்த ஜனநாயகம் பிணை நின்றது? போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கையைப் பாராட்டித் தீர்மானம். ஆதரித்து 29 கைகள். அதில் ஒன்று நம் நாட்டுக் கை! எதிர்த்த 12-ல் பெரும்பாலும் ஐரோப்பியக் கைகள்.

உக்ரைனில் போர் தொடங்கி எட்டே நாளில், அந்நாட்டு அகதிக்கு வேலை, பள்ளி, தங்குமிடம் எல்லாம் உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இன்னும் அகதி! 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பேர் இல்லை.

ஆகவே இரண்டு தீர்மானம். சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று ஐரோப்பாவின் நண்பர்களுக்கு ஒன்று. முகாமில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை கொடு என்று டெல்லிக்கு ஒன்று. கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! முன்வரிசை தூக்கிவிட்டது. தாய்மார்கள் தூக்கிவிட்டார்கள். பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்து நிற்கிறவரே, நீங்கள்தான் பாக்கி. தூக்குங்கள் ஐயா!