மக்களைக் கேளாத மறுவாழ்வு



தில்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில் தமிழ் உழைப்பாளிகள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்துவந்த மதராசி முகாம், உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று இடித்துத் தள்ளப்பட்டது. அங்கிருந்தவை ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டிற்குத் தகுதி பெற்றவையென அறிவிக்கப்பட்டவை 189 குடும்பங்கள் மட்டுமே. அவ்வீடுகளும் சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவில்.

கால்வாயைத் தூர்வாருவதை நாம் எதிர்க்கவில்லை. வெள்ளம் முதலில் புகுவது ஏழையின் வீட்டில்தான். குடிசைக்கு மாற்றாக அடுக்குமாடி வீடு தருவதும் நல்ல நோக்கமே. பின் மக்கள் ஏன் தயங்கினர்? முகாமின் பெண்களில் பலர் சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்து பிழைப்பவர்கள். காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என நடந்தே சென்று வருபவர்களுக்கு, நரேலா தருவது சுவர்களை மட்டுமே. பறிப்பது வேலையையும், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியையும். திட்டம் தீட்டியவர்கள் அப்பெண்களில் ஒருவரிடம் கேட்டிருந்தாலும் இது விளங்கியிருக்கும்.

இது முதல் அனுபவமும் அன்று. 2005இல் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின்கீழ் தில்லியின் விளிம்பில் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பாழடைந்தன. வீடற்றோர் நடைபாதையில் உறங்கும் அதே நகரில்!

வழிகாட்டும் நெறிகள் இல்லாமலில்லை. குடியிருப்போரை அகற்றுமுன் கணக்கெடுப்பு நடத்தி, அவர்களோடு கலந்துபேசி மறுவாழ்வுக்கு வழிசெய்ய வேண்டுமென 2010இல் சுதாமா சிங் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே இடத்திலோ 5 கிலோமீட்டர் சுற்றளவிலோ மாற்று வீடு தரவேண்டும் என்பது தில்லி அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை. அதற்கப்பால் அனுப்புவது விதிவிலக்கு மட்டுமே. அந்த விதிவிலக்கே இன்று நடைமுறையாகிவிட்டது.

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்பார்கள் அதிகாரிகள். முடிவெடுத்த பின் நடத்தப்படும் விளக்கக் கூட்டம் பங்கேற்பு ஆகாது. கேரளத்தில் 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. கிராமசபைகளில் மக்கள் தம் தேவைகளைப் பேசினர். நிதியும் முடிவெடுக்கும் உரிமையும் கைக்கு வரும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது.

எனவே நாம் கோருவது இவைதாம்: கணக்கெடுப்பில் குடியிருப்போர் குழுவுக்கு இடம் வேண்டும். தகுதிப் பட்டியலை மக்களின் மொழியில் வெளியிட்டு, சபையில் வாசித்து, ஆட்சேபங்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அருகிலேயே மாற்று வீட்டின் சாவி கைக்கு வரும்வரை எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது. இக்கோரிக்கைகளை ஒவ்வொரு குடியிருப்புக்கும் கொண்டுசெல்வோம். இடிப்பு அறிவிப்பு வருமுன்பே மக்களைத் திரட்டுவோம்.